கடல் கடக்கும் செவிலிய உதவியாளர்கள்: விசா விதிகளும் வர்க்க நலனும்

(கட்சி ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜூலை 22 அன்று பிரிட்டன் அரசு, வெளிநாடுகளிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தியது. இரண்டே நாட்கள் கழித்து, ஜூலை 24 அன்று, பிரதமர் மோடியின் பிரிட்டன் பயணத்தின்போது இந்திய–பிரிட்டன் விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய நிறுவனங்கள் தற்காலிகமாக அங்கே அனுப்பும் ஊழியர்களுக்கு, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பிலிருந்து மூன்று ஆண்டு விலக்கு அளிக்க அத்துடன் சேர்த்து உடன்பாடு காணப்பட்டது. சமையல் கலைஞர்கள், யோகா பயிற்றுநர்கள், இசைக் கலைஞர்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு 1,800 இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதியோரின் படுக்கையைச் சுத்தம் செய்து, குளிப்பாட்டி, உணவூட்டி, மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் பணியாளருக்கு அங்கே இடம் இல்லை. அதே வாரத்தில் அவருக்குக் கதவு அடைக்கப்பட்டதைப் பற்றி, பெருமிதத்துடன் நடந்த அந்தக் கையெழுத்து விழாவில் பேச்சே எழவில்லை.

இந்த இரண்டு நாள் இடைவெளியில் ஓர் அரசின் வர்க்க நலன் தெளிவாகத் தெரிகிறது. ஏற்றுமதியாளரின் துணிக்கும் மென்பொருள் நிறுவனத்தின் லாபத்திற்கும் வாதாடிய அரசு, கடன்பட்டுக் கடல் கடந்த தன் குடிமக்களுக்காக வாதாடவில்லை. ஆகவே இது ஏதோ அயல்நாட்டுச் செய்தி அன்று. கோட்டயத்திலும் கன்னியாகுமரியிலும் லூதியானாவிலும் வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களின் பிரச்சனை இது. இந்தியத் தொழிலாளி வர்க்கத்தின் ஒரு பகுதி இன்று எந்த விதிகளின் கீழ் உழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய கடமை நமக்கு உண்டு.

செவிலியரும் உதவியாளரும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் செவிலியராகப் பணியாற்ற அந்நாட்டுச் செவிலியர் பதிவு மன்றத்தில் பதிவு பெற வேண்டும். மொழித் தேர்விலும் தொழில் தேர்விலும் தேற வேண்டும். அந்தப் பதிவு இல்லாதவர் எத்தனை ஆண்டு அனுபவம் பெற்றிருந்தாலும் அங்கே செவிலியர் அல்லர். அவர் செவிலிய உதவியாளர் அல்லது பராமரிப்புப் பணியாளர் என்ற தட்டிலேயே வைக்கப்படுவார்.

நம் நாட்டில் துணைச் செவிலியர் படிப்பு முடித்தவர்களும், திறன் பயிற்சி மையங்களில் சில மாதப் பயிற்சி பெற்ற பொதுப்பணி உதவியாளர்களும் இந்தத் தட்டில்தான் செல்கிறார்கள். அது மட்டுமல்ல, மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ பெற்ற செவிலியர்கள் கணிசமானோர், மொழித் தேர்வின் மதிப்பெண் எட்டாததால், 'முதலில் உள்ளே போவோம், பிறகு பதிவு பெறலாம்' என்ற நம்பிக்கையில் உதவியாளராகவே விமானம் ஏறுகிறார்கள். ஒரு நாடு பெருஞ்செலவில் உருவாக்கிய திறனை இன்னொரு நாடு குறைந்த கூலித் தட்டில் வாங்கிக்கொள்கிறது. உழைப்புச் சக்தியை உருவாக்கும் செலவு இங்கே. அதன் பயன் அங்கே.

பிரிட்டனுக்கு ஆள் ஏன் தேவைப்பட்டது?

பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு ஒருகாலத்தில் பெருமளவில் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக இருந்தது. தாட்சர் ஆட்சியின் தனியார்மயம் அதை மாற்றியது. 1990 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சேவை மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம், உள்ளாட்சிகளைச் சேவை அளிப்பவர் என்ற நிலையிலிருந்து சேவையை விலைக்கு வாங்குபவர் என்ற நிலைக்குத் தள்ளியது. முதியோர் இல்லங்கள் தனியார் கைக்கும், பின்னர் நிதி மூலதனத்தின் கைக்கும் சென்றன. அதன் விளைவை 2011 இல் அந்நாடு கண்டது. சுமார் 750 இல்லங்களை நடத்திய சதர்ன் கிராஸ் என்ற மிகப் பெரிய நிறுவனம் கட்டடங்களை விற்று, அவற்றுக்கே வாடகை செலுத்தும் ஏற்பாட்டில் சிக்கி வீழ்ந்தது. அந்த இல்லங்களில் இருந்த சுமார் 31,000 முதியோர் நிச்சயமின்மையில் தள்ளப்பட்டார்கள்.

இத்தகைய துறையில் லாபம் எங்கிருந்து வரும்? பராமரிப்பில் இயந்திரத்தைப் புகுத்தி உற்பத்தித்திறனைப் பன்மடங்கு உயர்த்த இயலாது. ஒரு முதியவரைக் குளிப்பாட்ட ஆகும் நேரம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். எனவே கூலியைக் குறைப்பது, ஆட்களைக் குறைப்பது, வேலை நேரத்தைப் பிழிவது ஆகிய மூன்று வழிகளே முதலாளிக்கு எஞ்சுகின்றன. கூலி குறைந்தபோது உள்நாட்டுத் தொழிலாளர் அங்காடிகளுக்கும் கிடங்குகளுக்கும் வேலை மாறினர். 2021 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து தடையின்றி வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்தும் நின்றது. 2021–22 இல் இங்கிலாந்தின் பெரியவர்களுக்கான பராமரிப்புத் துறையில் மட்டும் சுமார் 1,65,000 பணியிடங்கள் காலியாக இருந்தன.

கூலியை உயர்த்துவது ஒரு தீர்வு. ஆட்சியாளர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியைப் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சேர்த்து, சுகாதாரம் மற்றும் பராமரிப்புப் பணியாளர் விசாவை இவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளிலிருந்து ஆட்கள் குவிந்தனர். உதவியாளர்களும் செவிலியர்களும் மருத்துவர்களும் அடங்கிய இந்த விசா, 2023 இல் மட்டும் குடும்பத்தினரைச் சேர்க்காமல் சுமார் 1,46,000 பேருக்கு வழங்கப்பட்டது.

விசா என்னும் கயிறு

இந்த விசாவின் இயக்கமுறையைப் புரிந்துகொள்வது அவசியம். பிரிட்டன் உள்துறை அமைச்சகத்திடம் ஸ்பான்சர் உரிமம் பெற்ற முதலாளி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறார். அந்தச் சான்றிதழை அடிப்படையாக வைத்துத்தான் விசா தரப்படுகிறது. வேறு முதலாளியிடம் செல்ல வேண்டுமானால் அவரும் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். புதிய சான்றிதழ் தர வேண்டும். தொழிலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அது ஏற்கப்பட்ட பிறகே அங்கே வேலை தொடங்கலாம்.

வேலை போனால் என்ன ஆகும்? முதலாளி பத்து வேலை நாட்களுக்குள் அமைச்சகத்திற்குத் தகவல் தர வேண்டும். அமைச்சகம் விசாவைச் சுருக்கி அறிவிப்பு அனுப்பும். வழக்கமாக 60 நாட்கள் கிடைக்கும். அதற்குள் புதிய ஸ்பான்சரைக் கண்டுபிடிக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். இந்தக் காலத்தில் அரசின் வாழ்வாதார உதவிகளைக் கோரும் உரிமையும் இல்லை. வரி கட்டியவர்தான், ஆனால் உதவிக்கு உரியவர் அல்லர்.

முதலாளித்துவத்தின் கீழ் தொழிலாளி இரு பொருளில் 'சுதந்திரமானவர்' என்று மார்க்ஸ் விளக்கினார்: உற்பத்திச் சாதனங்கள் எதுவும் இல்லாதவர்; தன் உழைப்புச் சக்தியை யாரிடம் வேண்டுமானாலும் விற்கக் கூடியவர். ஸ்பான்சர் விசா இந்த இரண்டாவது சுதந்திரத்தைப் பறித்துவிட்டு, முதலாவதை மட்டும் விட்டுவைக்கிறது. கூலி பிடித்தம் செய்யப்பட்டால் கேட்க முடியாது. வாரத்திற்கு 39 மணி நேர வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுப் பாதிகூடத் தராவிட்டாலும் கேட்க முடியாது. வீட்டுக்கு வீடு சென்று பராமரிக்கும் பணியில், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் நேரத்தைப் பல நிறுவனங்கள் கூலிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதையும் கேட்க முடியாது. ஒப்பந்தக் காலத்திற்கு முன் விலகினால் பயிற்சிச் செலவு, விமானச் செலவு என்று பெருந்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் வேறு. பணிநீக்கம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 'ஸ்பான்சர்ஷிப்பை ரத்துசெய்வேன்' என்ற ஒரு சொல் போதும்.

சட்டப்படி உரிமை இல்லாமல் இல்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். தொழிலாளர் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2024 இல், வேலை இன்மையை எதிர்த்துப் பேசியதால் நீக்கப்பட்ட இந்தியத் தொழிலாளி ஒருவருக்கு, வழக்கு முடியும் வரை ஊதியம் வழங்குமாறு தீர்ப்பாயம் இடைக்கால நிவாரணம் அளித்தது. ஊக்கம் தரும் வெற்றிதான் அது. ஆனால் தீர்ப்பாயத்தில் வழக்கு முடியப் பல மாதங்கள் ஆகும். விசா தருவதோ 60 நாட்கள். இந்த இரண்டு கால அளவுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில்தான் உரிமைகள் விழுந்து மறைகின்றன.

சான்றிதழ் வணிகம்

ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்காக முதலாளி அரசுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 2023 இறுதியில் 239 பவுண்டு. ரூபாயில் ஏறத்தாழ 25,000. அதே சான்றிதழ் இந்தியாவில் பல லட்ச ரூபாய்க்கு விற்கப்பட்டது. வேலை தேடுவோரிடம் வேலை வாங்கித் தருவதற்காகக் கட்டணம் பெறுவதை பிரிட்டனின் 1973 ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு முகமைச் சட்டம் தடைசெய்கிறது. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே பெறலாம். இரு நாட்டுச் சட்டங்களும் தடுக்கும் ஒரு வணிகம், இரு நாடுகளிலும் பட்டப்பகலில் நடந்தது.

எப்படி நடந்தது என்பதை பிரிட்டனின் எல்லை மற்றும் குடிவரவுத் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கையே சொல்கிறது. 2024 இல் வெளியான அந்த அறிக்கையின்படி, இல்லாத ஒரு முதியோர் இல்லத்தின் பெயரில் 275 சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தன. உரிமம் பெறும்போது நான்கு ஊழியர்களே இருப்பதாகக் கூறிய ஒரு நிறுவனத்திற்கு 1,234 சான்றிதழ்கள் தரப்பட்டிருந்தன. உரிமம் பெற்ற சுமார் 1,600 முதலாளிகளுக்கு ஒரு கண்காணிப்பு அலுவலர் என்ற விகிதமே இருந்தது. கண்காணிப்பில் இத்தகைய வறுமை தற்செயலானதல்ல. அரசுச் செலவைக் குறை, சந்தை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் என்ற நவதாராளமயக் கோட்பாட்டின் நேரடி விளைவு அது.

மோசடி அம்பலமானபோது அரசு என்ன செய்தது? உரிமங்களை ரத்துசெய்தது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470 க்கும் மேற்பட்ட உரிமங்கள் ரத்தாயின. அந்த நிறுவனங்களோடு இணைக்கப்பட்டிருந்த தொழிலாளர் எண்ணிக்கை 39,000 க்கும் மேல். ஏமாற்றிய முதலாளி உரிமத்தை இழந்தார். ஏமாற்றப்பட்ட தொழிலாளி வேலையையும் வசிப்பிட உரிமையையும் இழந்தார். ஊரில் வாங்கிய கடன் மட்டும் வட்டியுடன் அப்படியே நின்றது. தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: குற்றம் ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்பது இந்த அமைப்பின் பிழையன்று, தொழிலாளியின் வாழ்வுரிமையை முதலாளியின் உரிமத்தோடு முடிச்சுப் போட்டதன் இயல்பான விளைவு.

கதவு அடைக்கப்பட்ட வரிசை

கதவு ஒரே நாளில் அடைக்கப்படவில்லை. 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் பராமரிப்புப் பணியாளர் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்து வரத் தடை வந்தது. அடுத்த மாதம் ஆண்டு ஊதிய வரம்பு 23,200 பவுண்டாகவும், 2025 ஏப்ரலில் 25,000 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. விளைவாக, 2023 இல் சுமார் 1,46,000 ஆக இருந்த விசாக்கள் 2024 இல் சுமார் 27,000 ஆகச் சரிந்தன. பிறகு 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் வழியே மூடப்பட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் நிபந்தனைகளோடு வேலை மாற 2028 ஜூலை வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

அடுத்த அடி நிரந்தரக் குடியிருப்பின் மீது விழுகிறது. ஐந்தாண்டு உழைத்தால் நிரந்தரக் குடியிருப்பு கோரலாம் என்ற விதியை நம்பியே இவர்கள் சென்றார்கள். 2025 நவம்பரில் வெளியான அரசின் ஆலோசனை ஆவணம், பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்கு அதை 15 ஆண்டுகளாக்கும் யோசனையை முன்வைத்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்பதே அந்த யோசனையின் கொடுமை. பதினைந்து ஆண்டுகள் ஒருவரைக் கயிற்றில் கட்டி வைப்பதற்கு அது சமம்.

குடும்பத் தடையைக் கொண்டுவந்தது கன்சர்வேடிவ் அரசு. வழியை மூடியதும் 15 ஆண்டு யோசனையை முன்வைத்ததும் லேபர் அரசு. 2025 மே 12 அன்று குடிவரவு வெள்ளை அறிக்கையை வெளியிட்ட பிரதமர் ஸ்டார்மர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் அபாயம் பற்றிப் பேசினார்; கடும் எதிர்ப்புக்குப் பின் அச்சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தார். சொல்லுக்குத்தான் வருத்தம், கொள்கை மாறவில்லை. தீவிர வலதுசாரிகளின் வெறுப்பு அரசியலைப் பின்தொடர்ந்து சென்று தோற்கடிக்க முடியாது என்ற பாடம் இந்தியாவிலும் நமக்குத் தேவைப்படும் பாடம்.

இஸ்ரேலும் ஜப்பானும்

பிரிட்டன் மூடிய கதவுக்கு முன் நின்ற இளைஞர்களுக்கு வேறு நாடுகள் காட்டப்படுகின்றன. 2023 மே மாதம் இந்தியாவும் இஸ்ரேலும் செய்துகொண்ட உடன்பாடு, 42,000 இந்தியத் தொழிலாளரை அனுப்ப வகைசெய்தது. அதில் 34,000 பேர் கட்டுமானத்திற்கு. 8,000 பேர் செவிலியப் பராமரிப்புக்கு. காசா மீதான போர் தொடங்கிய பின், பாலஸ்தீனத் தொழிலாளரை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் இந்தியர்களை நிறுத்துவதை மத்தியத் தொழிற்சங்கங்கள் கூட்டாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு சரியானது. வரலாறு அதை மறக்காது.

பராமரிப்புத் துறையில் இஸ்ரேலின் விதிகளையும் அறிய வேண்டும். பணியாளர் முதியவரின் வீட்டிலேயே தங்கி உழைக்கிறார். அவரை ஒரே முதலாளியோடு கட்டிவைக்கும் ஏற்பாடு நவீன அடிமைத்தனத்திற்கு ஒப்பானது என்று 2006 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2011 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், வேலை மாறும் எண்ணிக்கையையும் பகுதியையும் வரம்பிட்டு, கயிற்றை வேறு வடிவில் மீண்டும் கட்டியது. வீட்டிலேயே தங்கும் பணியாளருக்குக் கூடுதல் நேர ஊதியச் சட்டம் பொருந்தாது என்றும் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2021 மே மாதம் அஷ்கெலானில் ராக்கெட் விழுந்து இறந்த இடுக்கி மாவட்டப் பெண் இத்தகைய பராமரிப்புப் பணியாளர்தான். ஆபத்து நேரத்தில் நடக்க இயலாத முதியவரை விட்டுவிட்டுப் பாதுகாப்பறைக்கு ஓடுவது எளிதன்று.

ஜப்பானின் குறிப்பிட்ட திறன் விசாவில் இந்தியர் செல்ல 2021 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. அங்கே ஜப்பானிய மொழித் தேர்விலும் பராமரிப்புத் திறன் தேர்விலும் தேற வேண்டும்; ஐந்தாண்டு வரை தங்கலாம்; குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. ஆனால் அதே துறைக்குள் முதலாளியை மாற்ற விதி இடமளிக்கிறது. தேசியப் பராமரிப்பாளர் தேர்வில் வென்றால், தொடர்ந்து புதுப்பிக்கத் தக்க வசிப்புரிமை கிடைக்கும். ஜப்பானும் முதலாளித்துவ நாடுதான். அங்கும் சுரண்டல் உண்டு. எனினும், விதி எப்படி எழுதப்படுகிறது என்பது தொழிலாளியின் பேரபலத்தை மாற்றுகிறது என்பதற்கு இது சான்று. எனவே விதிகளுக்கான போராட்டம் அற்பமானதன்று.

இந்திய அரசின் பொறுப்பு

குடிபெயர்வை முறைப்படுத்தும் நமது சட்டம் 1983 இல் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். குவைத் செவிலியர் ஆள்சேர்ப்பில் நடந்த கொள்ளை வெளிப்பட்ட 2015 ஆம் ஆண்டில், அந்த நாடுகளுக்குச் செல்லும் செவிலியருக்கும் அனுமதி கட்டாயமாக்கப்பட்டு, அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஆள்சேர்ப்பு என்ற விதி வந்தது. கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும், 1978 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அத்தகையவை.

பிரிட்டனோ இஸ்ரேலோ அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. ஆகவே பத்தாம் வகுப்புத் தேறிய செவிலிய உதவியாளர் பிரிட்டன் செல்லும்போது, அவருடைய ஒப்பந்தத்தை எந்த இந்திய அலுவலரும் படித்துப் பார்ப்பதில்லை. எந்த நாட்டுக்கு ஆள் சேர்ப்பதானாலும் முகவர் பதிவுபெற வேண்டும் என்பது சட்டம். ஆனால் கல்வி ஆலோசனை மையம், மொழிப் பயிற்சி மையம், விசா சேவை மையம் என்று பலகை மாட்டிக்கொண்டவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. மீறினால் இரண்டாண்டு வரை சிறை. அபராதமோ 2,000 ரூபாய் வரை மட்டும். பல லட்சம் பறித்தவருக்கு 2,000 ரூபாய்! 2025 அக்டோபரில் புதிய சட்டத்திற்கான வரைவு கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்டது. வரைவின் பெயரிலேயே 'வசதி செய்தல்' முதலில் வருகிறது, 'நலன்' பிறகே வருகிறது.

அனுப்புவதில் மட்டும் ஒன்றிய அரசுக்கு ஆர்வம் குறைவில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024 இல் வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பிய தொகை சுமார் 12,900 கோடி டாலர். அந்நியச் செலாவணியைக் கொண்டுவரும் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்குரியவரின் பாதுகாப்பு வேண்டாம். ஐநாவின் புலம்பெயர் தொழிலாளர் உரிமை உடன்படிக்கையையோ, ஆள்சேர்ப்புக் கட்டணம் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்னும் ஐஎல்ஓவின் 181 ஆம் உடன்படிக்கையையோ, செவிலியப் பணியாளருக்கான 149 ஆம் உடன்படிக்கையையோ இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை.

உள்நாட்டில் என்ன நிலை? சுமார் பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள் கிராமச் சுகாதாரத்தைத் தாங்குகிறார்கள். அவர்களைத் தொழிலாளராக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013 இல் 45 ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. இன்றும் அவர்கள் 'தன்னார்வலர்'தான். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவின்படி அமைக்கப்பட்ட நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. பல மாநிலங்களில் அது காகிதத்தில் தூங்குகிறது. கேரளத்தில் செவிலியர் நடத்திய வேலைநிறுத்தங்களின் விளைவாக 2018 ஏப்ரலில் அது சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலியாயிற்று. இங்கே வாழத் தக்க கூலி இல்லை என்பதுதான் விமான நிலையத்தின் முதல் வாசல்.

இரண்டு தவறான கருத்துகள்

இப்பிரச்சனையில் நமது அணிகளிலும் இரண்டு தவறான கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று: 'நல்ல சம்பளத்துக்காகச் சொந்த விருப்பத்தில் போனவர்கள், அவர்கள் பிரச்சனையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்' என்பது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துச் செல்வதைச் சுதந்திர விருப்பம் என்று அழைப்பது முதலாளித்துவப் பொருளாதார நூலின் மொழி, நமது மொழியன்று. கிராமத்திலிருந்து திருப்பூருக்கு வரும் ஒடிசாத் தொழிலாளியையும் அப்படிச் சொல்லி ஒதுக்குவோமா?

இன்னொன்று: 'இங்கேயே செவிலியர் பற்றாக்குறை, ஆகவே வெளியே போவதைத் தடுக்க வேண்டும்' என்பது. பற்றாக்குறை உண்மை. ஆனால் தடை போட்டால் தொழிலாளி நிற்பதில்லை. கள்ள வழியில் போகிறார், முகவரின் விலைதான் ஏறுகிறது. வெளியேறும் உரிமையையும் வெளியேறத் தேவையில்லாத வாழ்வையும் நாம் ஒருசேரக் கோர வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

இதனோடு இணைந்த கேள்வி ஒன்று உண்டு. புலம்பெயர்ந்தவர் வருவதால் உள்நாட்டுத் தொழிலாளியின் கூலி குறைகிறதே என்று பிரிட்டன் தொழிலாளி கேட்டால் என்ன பதில்? கூலியைக் குறைப்பது புலம்பெயர்ந்தவரின் வருகையன்று. அவர் வாய் திறக்க முடியாதபடி கட்டப்பட்டிருப்பதே. கயிற்றை அறுத்தால் அவர் சங்கத்தில் சேருவார். சேர்ந்தால் இருவர் கூலியும் உயரும். அதனால்தான் யுனிசன் போன்ற சங்கங்கள், தனி முதலாளியோடு அன்றித் துறை முழுவதோடும் பிணைக்கும் பொதுவான ஸ்பான்சர்ஷிப்பைக் கோருகின்றன. பராமரிப்புத் துறைக்குக் கூட்டு ஊதியப் பேச்சுவார்த்தை அமைப்பு என்ற அவர்களது நீண்ட நாள் கோரிக்கை அங்கே சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. 1938 இல் கவெண்ட்ரியில் இந்தியத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கியவர்கள் காட்டிய வழியும் இதுதான்: தாய்நாட்டின் விடுதலைக்கும் தங்கள் தொழிற்சாலை உரிமைக்கும் ஒருசேரப் போராடினார்கள்.

நமது கடமைகள்

கோரிக்கைகள் தெளிவானவை. எந்த நாட்டுக்குச் சென்றாலும் ஒப்பந்தம் அரசால் பதிவுசெய்யப்பட வேண்டும். ஆள்சேர்ப்புக் கட்டணத்தை முதலாளியே ஏற்க வேண்டும். பலகை எதுவாயினும் ஆள் சேர்ப்பவர் அனைவரும் சட்டத்தின் கீழ் வர வேண்டும். அரசு ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் எல்லா மாநிலங்களிலும் வலுப்படுத்தப்பட வேண்டும். உரிமம் ரத்தாகித் திரும்பியவர்களின் கடனுக்கு நிவாரணம் வேண்டும். வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் தொழிலாளரின் விசா உரிமை நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். உள்நாட்டில் செவிலியருக்கும் உதவியாளருக்கும் ஆஷா பணியாளருக்கும் சட்டபூர்வ ஊதியம் வேண்டும்.

கோரிக்கையோடு நிற்காமல் கிளைகள் உடனே செய்யக் கூடியவையும் உள்ளன. வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டப்போகும் குடும்பம் எந்தப் பகுதியிலும் இருக்கும். முகவர் இ-மைக்ரேட் தளத்தில் பதிவுபெற்றவரா என்று பார்த்துச் சொல்லலாம். பிரிட்டன் வேலை என்று இன்றும் ஆசை காட்டினால், வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணிக்கு நேரடியாகச் செல்லும் வழி மூடப்பட்டுவிட்டது என்ற ஒரு செய்தியே ஒரு வீட்டைக் காப்பாற்றும். கட்டணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெறச் சொல்லலாம். ஒப்பந்தம், சான்றிதழ் ஆகியவற்றின் நகலை வீட்டிலும் ஒன்று வைக்கச் சொல்லலாம். ஏற்கெனவே சென்றவர்கள் ஊதியச் சீட்டையும் வேலை நேரக் குறிப்பையும் மாதந்தோறும் சேமிக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு அல்ல, வேலையில் சேர்ந்த வாரத்திலேயே சங்கத்தில் சேர வேண்டும். பிரிட்டனில் குடிவரவு ஆலோசனை வழங்கப் பதிவு கட்டாயம். பதிவில்லாதவர் பேச்சை நம்பி 60 நாட்களை வீணாக்கக் கூடாது.

ஏமாந்து திரும்பியவர்களிடம் செல்வது எல்லாவற்றிலும் கடினமான பணி. அவமானத்தால் அவர்கள் வெளியே பேசுவதில்லை. பேசாததால் முகவர் அடுத்த தெருவில் அடுத்த வீட்டைத் தேடுகிறார். ஒருவர் புகார் கொடுத்தால் தனிமனிதக் குறை. ஒரு தாலுகாவில் இருபது குடும்பங்கள் சேர்ந்து மனு கொடுத்தால் அது இயக்கம். அந்த இருபது குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைக் கட்சிக் கிளைகள் இந்த மாதமே தொடங்க வேண்டும்.